இஸ்ரவேலரின் விக்கிரகமும் நாவலரின் விடையும்

கி. பி. 1854ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் கையில் ஒரு நூல் வந்து சேர்ந்தது. அதன் பெயர் சைவதூஷண பரிகாரம். ஆக்கியோர் நல்லூர் ஆறுமுக நாவலர். தூஷணம் என்பது பழிப்பு. பரிகாரம் என்பது அப்பழிப்பினை நீக்கும் மருந்து. சைவர் கல்லையும் செம்பையும் கடவுளென்று வணங்கும் அறியாமையுடையவர் என்பது அக்காலத்துப் பாதிரிமார் ஊர்தோறும் கூறிவந்த பழிப்புக்களுள் தலையாயது. அதற்கு நாவலர் அளித்த மருந்து ஆகமங்களிலிருந்து மாத்திரம் எடுக்கப்பட்டதன்று. பாதிரிமார் தம் கையில் ஏந்திநின்ற விவிலிய நூலிலிருந்தே எடுக்கப்பட்டது. இதுவே அந்நூலின் புதுமை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது சைவருக்குக் கேடயமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. கேடயம் என்று போற்றியவர் பலர். அதனை எடைபோட்டு நோக்கியவர் சிலரே. அந்நூல் எதனை நிறுவிற்று, எதனை நிறுவாது விட்டது, அது எழுப்பிய வினா இன்று யாரை நோக்கி நிற்கின்றது என்பன ஆராயத்தக்கன.

நாவலர் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலே யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியாக விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1848இல், அவர் மிஷன் பணியை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். திருநீறு நீங்காத நெற்றியோடு பிறசமய நூலைச் சொல் சொல்லாக எடுத்து ஆராயும் வாய்ப்பு அக்காலத்துச் சைவருள் வேறெவர்க்கும் அவ்வளவு நெருக்கமாகக் கிட்டியதில்லை. மொழிபெயர்ப்பாளன் ஒரு நூலை வாசிப்பது போல் வாசகன் வாசிப்பதில்லை. வாசகன் தனக்கு விருப்பமான இடங்களிலே தங்குவான். மொழிபெயர்ப்பாளனோ ஒரு வரியையும் தாண்டிச் செல்ல இயலாது. பாதிரிமார் தம் பிரசங்கங்களில் எடுத்தாளாது கடந்து சென்ற லேவியராகமத்தின் பலிவிதிகளும், யாத்திராகமத்தின் ஆசரிப்புக் கூடார அளவுகளும் நாவலருக்கு மனப்பாடம் போலாயின. அந்நூலைக் கண்ட மிஷன் சார்ந்தோரே அவருடைய விவிலிய அறிவை வியந்தனர் என்பது வரலாறு.

நூலின் வாதமுறை எளிதில் விளங்கத்தக்கது. பாதிரிமார் பழித்த சைவாசாரம் ஒவ்வொன்றற்கும் இணையான ஒன்று இஸ்ரவேலரின் வழிபாட்டிலே, அதுவும் கடவுளின் கட்டளையாகவே, கூறப்பட்டிருக்கின்றது என்பது அது. சைவருக்குத் திருக்கோயில் உண்டு. இஸ்ரவேலருக்கு முதலில் ஆசரிப்புக் கூடாரமும் பின்னர்ச் சாலொமோன் கட்டிய எருசலேம் ஆலயமும் இருந்தன. சைவாலயத்திலே கருவறை எல்லாரும் புகாத இடம். எருசலேமிலே மகா பரிசுத்த தலத்துக்குத் தலைமை ஆசாரியன் ஒருவனே ஆண்டுக்கு ஒருமுறை புகுவான். இங்கே தூபம், தீபம், நைவேத்தியம். அங்கே தூபபீடம், பொன் விளக்குத்தண்டு, சமூகத்து அப்பம். இங்கே சிவாசாரியருக்கு ஆசாரவிதிகள். அங்கே ஆரோனின் வழியினருக்கு உடைவிதியும் நீராட்டுவிதியும். இங்கே திருநீறு தூய்மை தருவது. அங்கே சிவப்புக் கிடாரியை எரித்தெடுத்த சாம்பலை நீரிற் கலந்து தெளித்துத் தீட்டு நீக்குமாறு எண்ணாகமம் விதிக்கின்றது. இவையெல்லாம் இஸ்ரவேலர் செய்யும்போது தெய்வ கட்டளை, சைவர் செய்யும்போது அஞ்ஞானம் என்று கூறுவது எந்த நீதி என்பதே நாவலரின் வினா.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. மாற்றார் கொள்கையை முதலில் அவர்தம் நூல்வழியே எடுத்துரைத்து, அதனாலேயே அதனை மறுத்து, பின்னர்த் தன் கொள்கையை நிறுவுதல் சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலும் சுபக்கத்திலும் காணப்படும் மரபேயாகும். நாவலர் அம்மரபினை அச்சுக்கூடத்தின் காலத்துக்கு ஏற்ப வசனநடையில் வழங்கினார். சந்தியிலும் திண்ணையிலும் பாதிரிமாரின் வினாவுக்கு விடையறியாது தலைகுனிந்து நின்ற சைவச் சிறுவன், அந்நூலைக் கற்றபின் தலைநிமிர்ந்து நின்றான். ஒரு சமுதாயம் தன்னம்பிக்கை இழக்குந் தறுவாயில் இத்தகைய நூல் செய்யும் பணி சிறிதன்று. அதனை முதலிற் கூறாது குறைகளை மாத்திரம் எடுத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும்.

ஆயினும், தருக்க நூலறிவோடு நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். ‘நீயும் அதனையே செய்கின்றாய்’ என்பது எதிரியின் வாயை அடைக்கும்; செய்யப்பட்டது சரியானது என்பதை நிறுவாது. இருவர் ஒரே பிழையைச் செய்தல் கூடும். அன்றியும், பழைய ஏற்பாட்டின் சடங்குகள் இயேசுவின் வருகையோடு முடிந்தன என்று கிறிஸ்தவர் விடை கூறுவர். இயேசு தாமும் எருசலேம் ஆலயத்துக்குச் சென்றவர் அல்லரோ, அவ்வாலயத்தைத் தம் தந்தையின் வீடு என்றே கூறினார் அல்லரோ என்று சைவர் மறுவினா எழுப்புவர். இவ்வாறு வாதம் முடிவின்றி நீளும். இவ்வாதத்தின் அடியிலே கிடக்கும் மூலவினா வேறொன்று. உருவம் அமைத்தலே குற்றமா, அல்லது உருவத்தை ஏதோ ஒருவகையிற் பிழைபடக் கொள்ளுதல் குற்றமா? இவ்வினாவுக்கு இஸ்ரவேலரின் வரலாறே விடை தருகின்றது. அவ்விடையை இருதிறத்தாரும் போதிய அளவு கவனித்தாரில்லை.

சீனாய் மலையிலே மோசேக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகளுள் ஒன்று, வானிலும் மண்ணிலும் நீரிலும் உள்ள எதன் வடிவத்தையும் செய்து வணங்கலாகாது என்பது. அதே யாத்திராகமத்திலே ஐந்து அதிகாரங்கள் கடந்தவுடன், உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமீது பொன்னாலான இரண்டு கேருபீன்களைச் செய்துவைக்குமாறு கடவுளே கட்டளையிடுகின்றார். சாலொமோனின் ஆலயத்திலே ஒலிவ மரத்திற் செதுக்கிப் பொற்றகடு வேய்ந்த கேருபீன்கள் பத்து முழ உயரத்தில் நின்றன. வெண்கலக் கடற்றொட்டியைப் பன்னிரண்டு வெண்கல எருதுகள் தாங்கின. ஆகவே உருவம் அமைத்தல் என்பது மாத்திரமே குற்றமாயின், அக்குற்றத்தை விதித்தவரே அதனைச் செய்வித்தவராவர். பொருள் அதுவன்று என்பது தெளிவு.

பொற்கன்றின் கதை இதனை மேலும் விளக்கும். மோசே மலையினின்றும் இறங்கத் தாமதித்தபோது மக்கள் ஆரோனிடம் சென்று தமக்கு முன் செல்லும் தெய்வத்தைச் செய்து தருமாறு வேண்டினர். ஆரோன் அவர்தம் காதணிகளைக் கழற்றுவித்து ஒரு கன்றை வார்த்தான். வார்த்தபின் அவன் கூறியது சிந்திக்கத்தக்கது. மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றே அவன் பறையறைவித்தான். வேறொரு தேவனின் பெயரை அவன் கூறவில்லை. எனவே அக்கன்று அயல்நாட்டுத் தெய்வமாக அன்றித் தம் கடவுளின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது போலும். குற்றம் யாதெனின், காத்திருக்க இயலாத மனம் கடவுளைத் தன் கைக்கும் தன் காலத்துக்கும் அடங்குவதாக்கிக் கொண்டமை என்க.

வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறு இன்னும் நுட்பமானது. பாலைநிலத்திலே பாம்புக்கடியால் மக்கள் மாண்டபோது, கடவுளின் கட்டளைப்படியே மோசே வெண்கலத்தால் ஒரு சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் உயர்த்தினான். அதனை நோக்கினோர் பிழைத்தனர். அது கடவுளே தந்த உருவம். பல நூற்றாண்டுகள் கழிந்தபின் எசேக்கியா மன்னன் அதனையே உடைத்தெறிந்தான். மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தலைப்பட்டனர் என்பதே காரணம். அதற்கு நெகுஸ்தான் என்று பெயர் வழங்கிற்று. உருவம் மாறவில்லை, உலோகமும் மாறவில்லை; அதனை நோக்கிய மனமே மாறிற்று. ஒருகால் மருந்தாக இருந்தது பிறிதொருகால் நோயாயிற்று.

உருவம் இல்லாத இடத்திலும் இந்நோய் வரும் என்பதையும் அவ்வரலாறு மறைக்கவில்லை. பெலிஸ்தரோடு நிகழ்ந்த போரிலே தோல்வியுற்ற இஸ்ரவேலர், உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்றனர். பெட்டி வந்தால் வெற்றி வந்தே தீரும் என்பது அவர்தம் எண்ணம். வெற்றி வரவில்லை, பெட்டியும் பகைவர் கைப்பட்டது. எருசலேம் ஆலயத்திலே வழிபடு தெய்வத்தின் படிமம் இல்லை. ஆயினும், கர்த்தரின் ஆலயம் இங்கிருக்கின்றது, ஆதலால் நமக்கு அழிவில்லை என்று கூறிக்கொண்டே அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிய மக்களை நோக்கி, அப்பேச்சு பொய்ப்பேச்சு என்று எரேமியா ஆலய வாயிலில் நின்றே முழங்கினான். அவன் வாழ்நாளிலேயே, கி. மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பாபிலோனியர் அவ்வாலயத்தைச் சுட்டெரித்தனர். எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசியோ, விக்கிரகங்களை நெஞ்சினுள்ளே நாட்டி வைத்திருப்போர் பற்றிப் பேசினான்.

தொல்பொருளாராய்ச்சியும் இக்காலத்தில் ஒரு செய்தியைத் தந்துள்ளது. சீனாய்த் தீபகற்பத்தின் வடகிழக்கிலுள்ள குந்திலெத் அஜ்ருத் என்னுமிடத்திலே 1975, 1976ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த கி. மு. எட்டாம் நூற்றாண்டையொட்டிய எழுத்துப் பொறிப்புக்களில், இஸ்ரவேலரின் கடவுளது பெயரோடு அஷேரா என்னும் பெயரும் இணைந்து வருகின்றது. அது ஒரு பெண் தெய்வத்தைக் குறிக்குமா, வழிபாட்டு மரமொன்றைக் குறிக்குமா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். யூதேயாவின் பழைய வீட்டிடிபாடுகளிலே களிமண்ணாலான சிறு பெண்ணுருவங்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. ஆகவே விக்கிரக மறுப்பு என்பது உருவமற்ற மக்கள் உருவமுள்ள மக்களை நோக்கிக் கூறிய பழிப்பாகத் தோன்றியதன்று. ஒரே வீட்டினுள்ளே, ஒரே மக்களுக்குள்ளே, பல தலைமுறை நிகழ்ந்த போராட்டத்தின் விளைவு அது. ஏசாயாவும் எரேமியாவும் ஆமோசும் தம் வலிய சொற்களைப் பெரிதும் தம்மவர்மீதே செலுத்தினர். அவர்தம் வாக்கு தன்னைத் தானே அறுத்துச் சிகிச்சை செய்யும் கத்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரிமார் செய்த பிழை யாதென்பது இப்பொழுது புலனாகும். தன்னை நோக்கிய கத்தியை எடுத்து அயலானை நோக்கித் திருப்பினர். தீர்க்கதரிசியின் வாயில் மருந்தாக இருந்த சொல், ஆட்சியாளரின் சமயத்தைச் சார்ந்தவன் வாயிலே தூஷணமாயிற்று. அதற்கும் முன்பே, 1621ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த போர்த்துக்கேயர் இக்கத்தியைச் சொல்லளவில் நிறுத்தாது செயலிலும் காட்டினர். இடித்தோர் கத்தோலிக்கர். ஒல்லாந்தர் வந்தபின் அக்கத்தோலிக்கரும் ஒடுக்கப்பட்டு, மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தைச் சுமந்துகொண்டு 1670ஆம் ஆண்டளவில் மருதமடுக் காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தனர் என்பது வன்னியின் வரலாறு. உருவத்தை இடித்தவரின் வழியினர் உருவத்தைக் காத்து ஓடுபவராயினர்.

சொல்லும் இங்கே ஆராயத்தக்கது. விக்கிரகம் என்பது சைவாகமங்களிலே திருமேனியைக் குறிக்கும் உயர்ந்த சொல். தமிழ் விவிலியம் இச்சொல்லையே கொண்டு பொய்த்தெய்வத்தைக் குறித்தது. விக்கிரகாராதனை என்பது ஒரு பாவத்தின் பெயராயிற்று. தடைசெய்யப்பட்ட வடிவத்தைக் குறிக்கச் சொரூபம் என்ற சொல்லையும் அது ஆண்டது. அச்சொல்லின் திரிபாகிய சுருவம் என்பதே ஈழத்துக் கத்தோலிக்கர் தம் புனிதர் உருவங்களுக்கு அன்போடு வழங்கும் பெயர். ஒரு வீட்டில் வாழ்த்தாக வழங்கும் சொல்லை மற்றொரு வீட்டார் வசையாக ஆளும்போது, வாதம் தொடங்குமுன்னரே தீர்ப்புக் கூறப்பட்டுவிடுகின்றது. மொழிபெயர்ப்பு மேசையிலே அமர்ந்திருந்த நாவலர் இதனை உணர்ந்திராமல் இருந்திருக்க இயலாது.

இனி, சைவத்தின் நிலை யாது? இறைவன் அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூன்றையும் உடையவனாயும் அவற்றைக் கடந்தவனாயும் உள்ளான் என்பது சித்தாந்தம். கல்லிலும் செம்பிலும் அமைந்த வடிவம் ஆவாகனத்தாலேயே திருமேனியாகின்றது. சிற்பி செதுக்கி முடித்த அளவில் அது வழிபாட்டுக்கு உரியதன்று. பாதி விறகை எரித்துச் சமைத்துண்டு மீதியைத் தெய்வமாக்கும் தச்சனை ஏசாயா எள்ளி நகையாடினான். அந்நகை கட்டையே கடவுளென்று கருதுவானைச் சுடும். கட்டையில் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டுவானைச் சுடாது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கு வைத்து அரனெனத் தொழுமாறு கூறுகின்றது. உயிருள்ள அடியாரும் கல்லாலான ஆலயமும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுபவன் அச்சூத்திரத்தின் பாதியையே அறிந்தவன்.

தன்னை நோக்கிய கத்தி சைவத்திலும் உண்டு. நடமாடும் அடியாருக்கு ஈவது படமாடும் கோயிலிலுள்ள இறைவனைச் சென்றடையும். கோயிலுக்கு மாத்திரம் ஈவது நடமாடும் அடியாரைச் சென்றடையாது என்பது திருமூலர் கருத்து. காடவர்கோன் காஞ்சியிலே கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, திருநின்றவூர்ப் பூசலார் தம் நெஞ்சிலே எழுப்பிய ஆலயத்துக்கும் அதே நாள் குறிக்கப்பட்டிருந்தது. இறைவன் அரசனின் கனவிலே தோன்றி அவன் நாளைத் தள்ளிவைக்கச் செய்து, பூசலாரின் கோயிலிலே புகுந்தருளினான் என்று பெரியபுராணம் கூறும். எரேமியா ஆலய வாயிலில் நின்று முழங்கியதனைச் சேக்கிழார் மென்மையான ஒரு கதையாலே உணர்த்தினார். சிவவாக்கியரோ மென்மையும் கருதாது கேட்டார்.

நாவலரும் இக்கத்தியைத் தம்மவரை நோக்கி எடுத்தவரே. 1872ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலை வெளியிட்டுச் சைவர்தம் குறைகளைக் கடிந்தார். ஆலயங்களில் உயிர்ப்பலி ஒழிய வேண்டும் என்று வாதாடினார். ஆலய அதிகாரிகளின் முறைகேடுகளை அஞ்சாது எடுத்துரைத்தார். சைவதூஷண பரிகாரம் கேடயமாயின், இவை கத்தியாம். இரண்டையும் சேர்த்துக் கற்போரே நாவலரை முழுமையாகக் கற்றவராவர். கேடயத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு கத்தியை உறையிலிட்டு மறந்தமையே பிற்காலத்தார் செய்த தவறு.

எனினும், நாவலரின் கத்தி ஓரிடத்திலே அளவு கடந்தது என்றே கூறல் வேண்டும். ஆகமவழிப்பட்ட தெய்வங்களையன்றிக் கிராமத்துத் தெய்வங்களை வணங்குதலை அவர் ஏற்றிலர். சிறப்பாகக் கண்ணகி வழிபாட்டை, சமணச் சார்புடைய காவியம் ஒன்றின் தலைவியாகிய செட்டிக்குலப் பெண்ணைத் தெய்வமாக்கும் அறியாமை என்று கருதி அவர் கடிந்தார். அவர் வழிவந்த எண்ணப்போக்கினால் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல அம்பிகையின் ஆகமப் பெயர்களைப் பூண்டன. பாதிரியார் சைவரை நோக்கிக் கூறியது, படித்த சைவர் படியாத சைவரை நோக்கிக் கூறியதாயிற்று. ‘நீ வணங்குவது கடவுளன்று’ என்னும் வசனம் ஒன்றே. கூறுவோரும் கேட்போரும் மாறினர். அயலான் நெஞ்சினுள்ளே புகுந்து அவன் எதனை வணங்குகின்றான் என்று தீர்ப்புக் கூறும் உரிமை தனக்கில்லை என்று பாதிரியாருக்கு உணர்த்தியவரே, அவ்வுரிமையைத் தாம் எடுத்துக்கொண்டமை வருந்தத்தக்கது.

வன்னி இவ்வகையில் யாழ்ப்பாணத்தினின்றும் வேறுபட்டது. நந்திக்கடலின் கரையிலே வற்றாப்பளையில் கண்ணகி கண்ணகியாகவே இருக்கின்றாள். மதுரையை எரித்தபின் சினந்தணியாது ஈழத்துக்கு வந்த அன்னை பல இடங்களிலே தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம் இது. பத்தாம்பளை என்பதே வற்றாப்பளையாயிற்று என்பர். மாடு மேய்த்த சிறுவர்முன் அவள் ஒரு கிழவியாக வந்தாள். விளக்கேற்ற எண்ணெயில்லை என்றபோது கடல்நீரை வார்த்து ஏற்றுக என்றாள், விளக்கு எரிந்தது. தலையிற் பேன் பார்த்த சிறுவர் அங்கே எண்ணிறந்த கண்களைக் கண்டு திகைத்தனர், அவள் மறைந்தாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே அந்நீரால் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்வர்.

இவ்வழிபாட்டை விக்கிரக வணக்கம் என்னும் அளவுகோலால் அளந்து பார்க்க. இங்கே நடுநாயகமாக நிற்பது பொன்னாலான படிமமன்று. உப்புநீரால் எரியும் ஒரு திரி. எண்ணெய் வாங்க இயலாதவன் வீட்டிலும் தெய்வம் எழுந்தருளும் என்பது அதன் பொருள். நீதி கேட்டு அரசவை ஏறிய ஒரு பெண்ணை, அரசன் தவறினால் அவனும் அழிவான் என்று காட்டிய ஒரு பெண்ணை, மக்கள் தம் தாயென்று போற்றுகின்றனர். திக்கற்றோரையும் விதவையரையும் ஒடுக்குவோரைக் கடிந்த எரேமியா இக்கரைக்கு வந்திருப்பின், கோவலனை இழந்த அவ்விதவையின் முன் நின்று எதனைக் கூறியிருப்பான் என்பது எண்ணத்தக்கது. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே கடல் பொங்கி இக்கரையோரத்து மக்களைக் கொண்டது; 2009இல் போரின் முடிவு நந்திக்கடலோரத்திலேயே நிகழ்ந்தது. ஊர் இழந்து முகாம்களிலிருந்து மீண்ட மக்கள், தம்மைக் கொன்ற அதே கடலின் நீரை முகந்து மீண்டும் விளக்கேற்றினர். இதனை அறியாமை என்று கூறுவதற்கு எத்துணைக் கல்வியும் போதாது.

ஆயின் இக்காலத்தில் விக்கிரக வணக்கம் என்னும் குற்றம் இல்லையோ எனின், உண்டு. அதன் இருப்பிடம் கருவறையன்று. அதனைக் காண இஸ்ரவேலரின் வரலாற்றிலே இன்னுமொரு நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும். சாலொமோனுக்குப் பின் அவன் இராச்சியம் இரண்டாயிற்று. வடநாட்டை ஆண்ட யெரொபெயாம், தன் குடிகள் வழிபாட்டுக்காக எருசலேமுக்குச் சென்றால் அவர்தம் மனமும் அந்நாட்டு அரசன்பாற் சென்றுவிடும் என்று அஞ்சினான். அதனால் பொற்கன்றுகள் இரண்டு செய்து, ஒன்றைத் தெற்கெல்லையிலே பெத்தேலிலும் மற்றதை வடக்கெல்லையிலே தாணிலும் நிறுத்தினான். இது பத்தியால் எழுந்த உருவமன்று. எல்லைக்கல்லாக நாட்டப்பட்ட தெய்வம். இறைவனைச் சேர்வதற்கு அன்றி நிலத்தைச் சேர்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்படும் உருவம் எதுவாயினும் யெரொபெயாமின் கன்றேயாகும். செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிற் சூழலும் குருந்தூர் மலையும் அண்மைக் காலத்திலே நீதிமன்றம்வரை சென்ற பிணக்குகளுக்கு இடமாயின என்பதை முல்லைத்தீவு மாவட்டத்தார் நன்கறிவர். ஆசையை அறுக்குமாறு போதித்த புத்தர்பெருமானின் திருவுருவம் நிலத்தின்மேல் வைத்த ஆசைக்கு அடையாளமாக்கப்படுமாயின், அதனால் முதலில் இழிவுறுவது புத்த தருமமே. அதே அளவுகோல் சைவருக்கும் உரியது. வழிபடுவார் இல்லாத இடத்திலே, மற்றவன் வருமுன் முந்திக்கொள்வதற்காக நடப்படும் சூலமும் பெத்தேலின் கன்றுக்கு உடன்பிறந்ததே. நெடுங்காலம் மக்கள் வழிபட்டுவந்த இடத்தைக் காத்தல் வேறு. தெய்வத்தை வேலிக்கட்டையாக்குதல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியும் அறிவே இன்று வேண்டப்படுவது.

இரண்டாவது, எரேமியா கடிந்த பொய்ப்பேச்சு. போருக்குப் பின்னர் வன்னியிலே பல ஆலயங்கள் புதுக்கப்பட்டன. வெளிநாடுகளில் வாழும் உறவினர் மனமுவந்து பொருளளித்தனர். இடிந்ததைக் கட்டுதல் நற்பணியே. ஆயின் அயலூர்க் கோபுரத்தினும் தம்மூர்க் கோபுரம் ஒருமுழம் உயரல் வேண்டும் என்று கருதும்போது, வணங்கப்படுவது சிவமன்று, ஊரின் செருக்கு. கோபுரத்தின் நிழலிலே கணவனை இழந்த பெண்ணொருத்தி பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வகையின்றி நிற்பாளாயின், படமாடும் கோயிலுக்கு ஈந்தது நடமாடும் கோயிலைச் சென்றடையவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது, நெஞ்சினுள் நாட்டப்படும் விக்கிரகம். பொருளாசையே விக்கிரகாராதனை என்று கிறிஸ்தவ வேதத்தின் கொலோசெயர் நிருபம் கூறும். பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஆங்கில அறிஞர் 1620இல் வெளியிட்ட தம் நூலிலே, மனித அறிவை மயக்கும் பொய்யெண்ணங்களை விக்கிரகங்கள் என்றே பெயரிட்டு நான்காக வகுத்தார். இனம், மொழி, தலைமை, கட்சி ஆகியன தம்மளவில் தீயனவல்ல; மோசே உயர்த்திய சர்ப்பம்போல இடர்க்காலத்திலே மக்களைப் பிழைப்பிக்கவும் வல்லன. ஆயின், அவற்றை வினாவுதலே குற்றம் என்னும் நிலை பிறக்கும்போது, அவற்றுக்குத் தூபங்காட்டத் தொடங்கிவிட்டோம் என்று அறிக. எந்த இனத்துக்கும் இது பொருந்தும். ஈழத்தின் இரு பெரும் மக்கட்கூட்டத்தாரும் இப்பாடத்தை மிகப்பெரும் விலை கொடுத்துக் கற்றனர். கற்றதை நினைவில் வைத்துளரோ என்பதுதான் ஐயம்.

நாவலருக்கு 1969ஆம் ஆண்டிலே நல்லூரிற் சிலை நாட்டப்பட்டது. 1971இல் அவர் உருவம் பொறித்த முத்திரையும் வெளிவந்தது. பெரியாரை மதித்தல் தக்கதே. ஆயின் அவருடைய ஒரு நூலை எடுத்து அதன் வாதத்தையும் அளவையும் ஆராயாது அவர் பெயரை மாத்திரம் உச்சரிப்பது, அவரையே ஒரு நெகுஸ்தானாக்குதலாகும். சைவதூஷண பரிகாரம் அயலானின் தூஷணத்துக்கு முற்றிய விடை. தன் நெஞ்சின் வினாவுக்கு முற்றிய விடையன்று. அது பிறன் கத்தியைத் தடுத்தது. தன் கத்தியை எடுக்கும் கடமையைக் கற்போருக்கு விட்டுச் சென்றது. மாணவர் அதனை மனப்பாடஞ் செய்வதோடு நில்லாது, யாத்திராகமத்தையும் எரேமியாவையும், திருமந்திரத்தையும் பெரியபுராணத்தையும் அருகருகே வைத்து ஓதல் வேண்டும். ஓதியபின் வைகாசியிலே வற்றாப்பளைக்குச் சென்று அவ்வுப்புநீர் விளக்கின்முன் சிறிதுநேரம் நிற்பாராயின், உருவத்துக்கும் விக்கிரகத்துக்கும் உள்ள வேறுபாடு நூல் காட்டாத தெளிவோடு விளங்கும்.